கெய்ரோவிலிருந்து போய்வர அலெக்ஸாண்டிரியாவில் ஒரு நாள்: எதைப் பார்ப்பது, எதை விடுவது?

தாமிரபரணி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நவம்பர் நடுவில் அப்பா அம்மாவோடு எகிப்து போகிறேன். லக்சர், அஸ்வான் முடித்துக் கெய்ரோ திரும்பியதும் ஒரு முழு நாள் கையில் நிற்கிறது. அதை அலெக்ஸாண்டிரியாவுக்குக் கொடுக்க எனக்கு ஆசை. பயண ஏற்பாட்டாளரோ, "அங்கே எதுவும் மிச்சமில்லை, கடலைப் பார்த்துவிட்டு மீன் சாப்பிட்டுவிட்டு வரவேண்டியதுதான்" என்கிறார். அப்படிச் சொல்பவரே கார் வைத்துக் கூட்டிப்போகிற பட்டியலில் ஏழெட்டு இடங்களைப் போட்டு அனுப்பியிருக்கிறார். எதை நம்புவது என்று தெரியவில்லை.

அப்பாவுக்கு முழங்கால் வலி, படி ஆகாது. அம்மா சுத்த சைவம். போய்வந்தவர்கள் சொல்லுங்கள். போகலாமா? ரயிலா, காரா? எதை முதலில் பார்ப்பது?

போர்ட்சயீத்வாசி எழுதியது:

கட்டாயம் போங்கள் தம்பி. நான் போர்ட் சயீதில் வேலை பார்க்கிறேன். விடுமுறை கிடைத்தால் கெய்ரோவுக்குப் போவதைவிட அலெக்ஸாண்டிரியாவுக்குப் போவதுதான் எனக்கு வழக்கம்.

ஏற்பாட்டாளர் சொல்வதில் பாதி உண்மை. ஏழு அதிசயங்களில் ஒன்றான கலங்கரை விளக்கம் நின்ற இடத்தில் இப்போது கோட்டை இருக்கிறது. பண்டைக்காலத்தில் பேர்போன பெருநூலகம் எந்த இடத்தில் இருந்தது என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது. அலெக்சாண்டரின் கல்லறையை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள். லக்சர் கோயில்களைப் பார்த்த கையோடு, அதே மாதிரி தூண்களை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். இந்த ஊரின் அழகு வேறு. கிமு 331ல் போட்ட ஊரின் மேலேயே இன்றைய ஊர் உட்கார்ந்திருக்கிறது. நடந்து பார்க்கவேண்டிய ஊர். அதனால்தான் காரில் ஏறி இறங்கி ஏழெட்டு இடங்களைத் தொட்டுவிட்டு வரும் திட்டம் எனக்குப் பிடிக்கவில்லை. பாதி நாள் போக்குவரத்து நெரிசலிலேயே போய்விடும்.

ரயிலே நல்லது. கெய்ரோ ரம்சேஸ் நிலையத்திலிருந்து விரைவு ரயில் சுமார் இரண்டரை மணி நேரம். டெல்டாவின் வயல்களுக்கு நடுவே போகிறது, அப்பாவுக்கு ஜன்னலோர இருக்கை பிடித்துக் கொடுங்கள். சிதி காபர் என்ற நிலையம் வந்ததும் பாதி ரயில் இறங்கிவிடும். கூடவே இறங்கிவிடாதீர்கள். கடைசி நிறுத்தமான மஸ்ர் நிலையம்தான் பழைய ஊருக்குப் பக்கம்.

அங்கிருந்து கறுப்பு மஞ்சள் டாக்ஸி பிடித்து நேரே மேற்கே, கோம் எல் ஷுகாஃபா நிலத்தடிக் கல்லறைக்குப் போங்கள். காலையில் கூட்டம் இருக்காது. அடுத்துப் பக்கத்திலேயே பாம்பே தூண், பழைய ரோமத் தளபதி பாம்பேயின் (Pompey) பெயரால் சொல்வது. பிறகு ஊருக்குள் திரும்பி அருங்காட்சியகம், சாப்பாடு, மாலையில் கைத்பே கோட்டை. இவ்வளவுதான் ஒரு நாளுக்கு.

இன்னொன்று: தொல்லியல் இடங்களில் வெளிநாட்டவர் டிக்கெட்டுக்குப் பெரும்பாலும் பணம் வாங்குவதில்லை, கார்டு மட்டும்தான். வெளிநாட்டில் வேலை செய்யும் கார்டாக ஒன்றுக்கு இரண்டு வைத்துக்கொள்ளுங்கள். டாக்ஸிக்கும் சாப்பாட்டுக்கும் சில்லறை நோட்டு வேண்டும்.

வெண்பூ எழுதியது:

போர்ட்சயீத் அண்ணா சொன்னதில் மற்றதெல்லாம் சரி. பாம்பே தூணுக்கு நேரம் ஒதுக்குவதில்தான் எனக்கு உடன்பாடு இல்லை. வெயிலில் ஒரு மேடு, அதன்மேல் ஒற்றைத் தூண், சுற்றிலும் அடுக்குமாடி வீடுகள். படம் எடுத்துக்கொண்டு பத்து நிமிடத்தில் வெளியே வந்துவிடுகிறார்கள். அந்த நேரத்தைப் புதிய நூலகத்துக்குக் கொடுக்கலாமே? 2002ல் திறந்தது. கடலைப் பார்த்துச் சாய்ந்த வட்டக் கூரை, குறுக்களவு 160 மீட்டர். உள்ளே படிப்பறை படிப்படியாக இறங்கிக்கொண்டே போகிறது. கூரையிலிருந்து வெளிச்சம் நேராகக் கண்ணில் அடிக்காமல் சாய்வாக விழும்படி அமைத்திருக்கிறார்கள். கல்லூரிப் பிள்ளைகள் உட்கார்ந்து தேர்வுக்குப் படித்துக்கொண்டிருப்பார்கள். எனக்கு அங்கே பிடித்ததே அதுதான்.

அங்கேயே அடித்தளத்தில் ஒரு சிறிய தொல்பொருள் அருங்காட்சியகம் உண்டு. நூலகத்துக்கு அஸ்திவாரம் தோண்டும்போது கிடைத்த ஒரு மொசைக் அங்கே இருக்கிறது. கழுத்தில் சிவப்புப் பட்டை கட்டிய நாய் ஒன்று உட்கார்ந்திருக்கிறது, பக்கத்தில் ஒரு வெண்கலப் பாத்திரம் கவிழ்ந்து கிடக்கிறது. "நான் தட்டிவிடவில்லை" என்று சொல்வது மாதிரி நாயின் முகம். பொடிப்பொடியான கற்களை வைத்து அந்தக் கண்ணில் ஒரு பளபளப்பைக் கொண்டுவந்திருக்கிறான் அந்தக் கலைஞன். இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தைய வேலை. அதன் முன்னால் நான் நின்ற நேரம் தூணின் முன்னால் நின்றதைவிட அதிகம்.

அப்பாவுக்கும் அதுதான் வசதி. லிஃப்ட் இருக்கிறது, உட்கார இடம் இருக்கிறது. வெள்ளிக்கிழமையாக இருந்தால் மட்டும் நூலகத்தை நம்பிப் போகாதீர்கள்.

கல்லெழுத்து எழுதியது:

வெண்பூ, நூலகத்தைப் பார்க்கச் சொல்வதில் எனக்கு மகிழ்ச்சி. ஆனால் தூணை "ஒற்றைத் தூண்" என்று தள்ளிவிடுவதை ஏற்கமுடியவில்லை. அங்கே பத்து நிமிடத்தில் வெளியே வருகிறவர்கள் தரைக்குக் கீழே இறங்கவில்லை என்று பொருள்.

முதலில், அந்தத் தூணுக்கும் பாம்பேவுக்கும் சம்பந்தமே இல்லை. பிற்காலத்துப் பயணிகள் வைத்த பெயர் அது. சுமார் கிபி 300ல் ரோமப் பேரரசர் டயோக்ளீஷியனுக்காக நிறுத்தியது. அஸ்வான் சிவப்புக் கருங்கல். பீடத்தையும் உச்சியையும் சேர்த்தால் கிட்டத்தட்ட 27 மீட்டர். நடுத்தண்டு ஒரே கல், சுமார் 20 மீட்டர். அஸ்வானிலிருந்து நைல் வழியாக அதை மிதக்கவிட்டுக் கொண்டுவந்திருக்கிறார்கள். நீங்கள் அஸ்வான் பார்த்துவிட்டுத்தானே வருகிறீர்கள், அங்கே முடிக்காமல் விட்ட தூபி கிடக்கும் குவாரியைப் பார்த்திருப்பீர்கள். அதே கல்லை இங்கே பார்க்கும்போது தூரம் உறைக்கும்.

தூண் நிற்கும் மேடுதான் செராபியம், அதாவது செராபிஸ் தெய்வத்தின் பெருங்கோயில் இருந்த இடம். கிரேக்கர்களும் எகிப்தியர்களும் சேர்ந்து கும்பிடுவதற்கென்றே, அலெக்சாண்டருக்குப் பின் எகிப்தை ஆண்ட கிரேக்க வம்சத்தாரான தாலமி மன்னர்கள் வளர்த்த தெய்வம் செராபிஸ். பெருநூலகத்தின் கிளை ஒன்று இந்தக் கோயிலில் இருந்ததாகப் பழைய ஆசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். கிபி 391ல் கோயில் இடிக்கப்பட்டது. மேட்டுக்கு அடியில் பாறையில் குடைந்த சுரங்க வழிகள் இன்னும் இருக்கின்றன, சுவரில் வரிசையாக மாடக்குழிகள். அந்த நூலகத்தோடு தொடர்புள்ள இடம் என்று காலால் மிதித்து நிற்க அலெக்ஸாண்டிரியாவில் கிடைப்பது இது ஒன்றுதான். புதிய நூலகம் அழகான கட்டடம், மறுக்கவில்லை.

கோம் எல் ஷுகாஃபா பற்றியும் சொல்லவேண்டும். 1900ல் ஒரு கழுதை குழிக்குள் விழுந்ததால் வெளிப்பட்ட இடம் என்பது ஊரறிந்த கதை. கிபி இரண்டாம் நூற்றாண்டில் குடையத் தொடங்கியது. மூன்று அடுக்கு, கடைசி அடுக்கு நீண்ட காலம் தண்ணீருக்குள் கிடந்தது. நிலத்தடி நீரை இறக்கும் பெரிய வேலை 2019ல்தான் முடிந்தது. நடுவில் கிணறு மாதிரி ஒரு குழி, அதைச் சுற்றிச் சுருள்படிகள். உடலைக் கயிற்றில் கட்டி அந்தக் குழிவழியாக இறக்கியிருக்கிறார்கள்.

கீழே பிரதான அறை வாசலில் நின்று நிதானமாகப் பாருங்கள். இரண்டு பக்கமும் தாடி வைத்த பாம்புகள். தலையில் எகிப்திய இரட்டைக் கிரீடம், உடலோடு சேர்த்து கிரேக்கக் கடவுளர்களின் கோல்கள், மேலே கேடயத்தில் பாம்புக் கூந்தல் அரக்கி மெடூசாவின் முகம். உள்ளே திரும்பினால் நரித்தலை எகிப்தியத் தெய்வம் அனுபிஸ் ரோமப் படைவீரனின் மார்புக்கவசம் போட்டுக்கொண்டு, இடுப்பில் வாளோடு நிற்கிறார். எகிப்திய முறைப்படி பிணத்துக்குத் தைலம் பூசும் காட்சி சுவரில் இருக்கிறது, அதைச் செதுக்கிய கை கிரேக்கப் பயிற்சி பெற்ற கை. மூன்று நாகரிகத்தின் மரணச் சடங்கும் ஒரே அறையில் ஒட்டிக்கொண்டிருப்பதை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை. மேல் அடுக்கில் விருந்து மண்டபம் உண்டு. மூன்று பக்கம் கல் திண்ணை. இறந்தவர் நினைவுநாளில் குடும்பம் அங்கே படுத்துச் சாய்ந்து சாப்பிட்டிருக்கிறது.

தாமிரபரணி, அப்பா இறங்கவேண்டாம். ஏறக்குறைய நூறு படி. மேலே திறந்த வெளியில் கல் சவப்பெட்டிகளும் சிற்பங்களும் வைத்திருக்கிறார்கள், அங்கே நிழலில் உட்காரவைத்துவிட்டு நீங்களும் அம்மாவும் மாறி மாறிப் போய்வாருங்கள்.

வெண்பூ எழுதியது:

சரி ஐயா, அந்தச் சுரங்க வழிக்காகத் தூணைச் சேர்த்துக்கொள்ளட்டும். ஆனாலும் நாயை விடச் சொல்லமாட்டேன்.

தாமிரபரணி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இரண்டும் போகலாம் என்று அப்பா சொல்லிவிட்டார். கல்லெழுத்து ஐயா, நூலகம் பற்றி ஒரு கேள்வி. எரித்தது யார்? சீசர் என்கிறார்கள், கிறித்தவர்கள் என்கிறார்கள், அரபுப் படைகள் என்கிறார்கள். ஆறு மாதம் குளியலறை அடுப்புகளில் ஏட்டை எரித்தார்கள் என்று பள்ளியில் எங்கள் வாத்தியார் சொன்ன கதை இன்னும் நினைவிருக்கிறது.

கல்லெழுத்து எழுதியது:

ஒரே நாளில் எரிந்து சாம்பலானது என்ற படம்தான் எல்லோர் மனத்திலும் இருக்கிறது. நடந்தது நீண்ட நலிவு.

கிமு 48ல் சீசர் துறைமுகத்தில் கப்பல்களுக்குத் தீ வைத்தார். அது கரைக்குப் பரவி ஏடுகள் எரிந்ததாகப் பழைய ஆசிரியர்கள் எழுதுகிறார்கள். எரிந்தது நூலகமா, துறைமுகக் கிடங்கா என்பதில் இன்றுவரை சண்டை. அதற்கு நூறு வருஷம் முன்பே எட்டாம் தாலமி தன் அரசியல் பகையில் அறிஞர்களை ஊரைவிட்டு விரட்டியிருந்தான். கட்டடம் இருந்தும் ஆள் இல்லாமல் போனால் நூலகம் எப்படிப் பிழைக்கும்? பிறகு கிபி 272ல் ரோமப் பேரரசர் அவுரேலியன் காலத்துப் போரில் அரண்மனைப் பகுதியே நாசமானது. 391ல் செராபியம் போனது. 415ல் கணித அறிஞர் ஹைபேஷியாவை ஒரு கும்பல் கொன்றது.

உங்கள் வாத்தியார் சொன்ன குளியலறைக் கதை, கலீஃபா உமரின் ஆணை என்று வருவது, அரபுப் படைகள் ஊரைப் பிடித்த ஏழாம் நூற்றாண்டு ஆவணம் எதிலும் இல்லை. கிட்டத்தட்ட 600 ஆண்டு கழித்துத்தான் அது எழுத்தில் வருகிறது. பெரும்பாலான ஆய்வாளர்கள் அதை ஏற்பதில்லை. கேட்கச் சுவையாக இருப்பதால் பாடப்புத்தகம் வரை வந்துவிட்டது. ஒரு சமூகத்தின் தலையில் செய்யாத பழியை ஏற்றிவைப்பது எனக்கு வருத்தம் தருகிற விஷயம், அதனால்தான் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன்.

பாப்பிரஸ் சுருளுக்குக் கடற்கரை ஈரம் பெரிய எதிரி. விடாமல் படியெடுத்துக்கொண்டே இருந்தால்தான் நூல் வாழும். நம் பனையோலைக்கும் அதே விதிதானே. நூலகம் உச்சத்தில் இருந்தபோது துறைமுகத்துக்கு வரும் கப்பல்களில் இருந்த நூல்களை வாங்கி வைத்துக்கொண்டு, படியெடுத்து, படியைத்தான் உரியவரிடம் திருப்பித் தந்தார்களாம். பழைய கிரேக்க மருத்துவர் காலன் (Galen) எழுதிவைத்த செய்தி. ஏதென்ஸ் நகரத்திடம் நாடக மூலப்பிரதிகளை 15 டாலண்ட் (பழைய எடை அளவு) வெள்ளி ஈடு கட்டிக் கடன் வாங்கி, வெள்ளி போனால் போகட்டும் என்று மூலத்தை வைத்துக்கொண்டான் மூன்றாம் தாலமி என்கிறார் அவரே. கிரேக்க அறிஞர் எரட்டோஸ்தனிஸ் நிழலை அளந்து பூமியின் சுற்றளவைக் கணக்கிட்டது இந்த ஊரில் உட்கார்ந்துதான். உங்கள் அஸ்வான்தான் அந்தக் கணக்கின் மறுமுனை.

மிளகுக்கொடி எழுதியது:

இழையைப் படித்துக்கொண்டே வந்தேன், ஒன்று சொல்லாமல் போக மனமில்லை.

வியன்னாவில் ஒரு பாப்பிரஸ் இருக்கிறது, 1985ல் பதிப்பித்தார்கள். கிபி இரண்டாம் நூற்றாண்டு. ஒரு பக்கம், முசிறி வணிகத்துக்கான கடன் ஒப்பந்தம். செங்கடல் துறையில் சரக்கை இறக்கி, ஒட்டகத்தில் பாலைவனம் கடந்து நைல் கரையின் காப்டோஸ் ஊருக்கு வந்து, அங்கிருந்து நைலில் அலெக்ஸாண்டிரியா கொண்டுபோய், முத்திரை வைத்த கிடங்கில் சேர்க்கவேண்டும் என்று வழியெல்லாம் எழுதியிருக்கிறது. கால் பங்கு சுங்கம். மறுபக்கம் ஹெர்மபோலன் என்ற கப்பலின் சரக்குக் கணக்கு. கங்கைப் பகுதி நறுமணத் தைல மூலிகை, யானைத் தந்தம். மொத்த மதிப்பு ஏறக்குறைய 70 லட்சம் செஸ்டர்ஸ் என்ற ரோம நாணயம். ஒரே கப்பலில்!

யவனர் மரக்கலம் பொன்னோடு முசிறிக்கு வந்து மிளகோடு திரும்பியதை அகநானூறு 149ல் படித்திருக்கிறோம். அந்தக் கலம் போய்ச் சேர்ந்த மறுமுனைக் கிடங்கு அலெக்ஸாண்டிரியாவில் இருந்தது. செங்கடல் துறையான குசெய்ர் அல் காதிமில் கண்ணன், சாத்தன் என்று தமிழ்பிராமியில் பெயர் பொறித்த பானை ஓடுகள் கிடைத்திருக்கின்றன. இன்னொரு செங்கடல் துறையான பெரனிகேயில் ஒரு கோயில் வளாகத்தில் ஒரு பெரிய ஜாடி நிறைய மிளகு, ஏழரை கிலோ. நம் ஆட்கள் செங்கடல்வரை வந்தார்கள் என்பது கல்லில் அடித்த சான்று. அலெக்ஸாண்டிரியாவிலேயே ஒரு சொற்பொழிவைக் கேட்ட கூட்டத்தில் இந்தியர்களும் இருந்ததாக டியோ கிறிசோஸ்டம் என்ற கிரேக்கப் பேச்சாளர் குறிப்பிடுகிறார். அவர்கள் எந்தப் பக்கத்து ஆட்கள் என்று அவர் சொல்லவில்லை, அதனால் நானும் சொந்தம் கொண்டாடப் போவதில்லை.

மேற்கே நீங்கள் போகும் அந்தக் கல்லறைக்கும் ஏரிக்கும் இடைப்பட்ட பகுதியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கடல் துறைமுகம் வெளியே ஏற்றுமதிக்கு. நைல் வழியாக உள்ளே வரும் சரக்கு தெற்கே மரியூத் ஏரிப் பக்கமாகத்தான் ஊருக்குள் வந்தது.

போர்ட்சயீத்வாசி எழுதியது:

மிளகுக்கொடி, அருமை. இங்கே வேலைக்கு வந்த புதிதில் இது தெரிந்திருந்தால் ஊரை வேறு கண்ணோடு பார்த்திருப்பேன்.

மதியத்துக்கு வருவோம். ஊருக்குள் கோம் எல் திக்கா என்ற இடம், மஸ்ர் நிலையத்திலிருந்து நடக்கிற தூரம். 1960களில் போலந்து அகழாய்வாளர்கள் தோண்டி எடுத்த சிறிய ரோம அரங்கம், பளிங்கு இருக்கைகள் அரைவட்டமாக. பக்கத்திலேயே வரிசையாகப் பாடம் நடத்தும் கூடங்கள், சுவரோரம் மாணவர்கள் உட்காரும் படிகள், நடுவில் ஆசிரியருக்கு உயர்ந்த இருக்கை. ஐந்தாம் ஆறாம் நூற்றாண்டிலும் இந்த ஊரில் படிப்பு நின்றுவிடவில்லை என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். தட்டையான இடம், அப்பாவுக்குச் சிரமமில்லை.

கிரேக்க ரோம அருங்காட்சியகம் அங்கிருந்து கொஞ்ச தூரம். 2005ல் மூடியது, 2023 அக்டோபரில்தான் மறுபடி திறந்தார்கள். ஒரு மணி நேரம் போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். செராபியத்தில் கிடைத்த கறுங்கல் காளையைத் தவறவிடாதீர்கள், மேட்டில் நின்ற கோயில் எவ்வளவு செல்வாக்கானது என்று அதைப் பார்த்தால் புரியும்.

போகும் வழியில் ஃபுவாது தெரு. கிழக்கு மேற்காக ஊரை அறுத்துச் சென்ற பழைய கனோபஸ் பெருவீதியின் தடத்திலேயே அது போகிறது. இத்தாலிய பாணிக் கட்டடங்கள், உடைந்த பால்கனிகள். 1956 ஜூலை 26ல் மன்ஷியா சதுக்கத்தில்தான் எகிப்து அதிபர் நாசர் சூயஸ் கால்வாயை நாட்டுடைமை ஆக்குவதாக அறிவித்தார். அதற்குப் பின் வந்த வருஷங்களில் கிரேக்கர், இத்தாலியர், யூதர் என்று பல தலைமுறையாக இருந்தவர்கள் பெரும்பாலும் கிளம்பிவிட்டார்கள். கிரேக்கக் கவிஞர் கவாஃபி கடைசி 25 ஆண்டுகளாக இருந்த வீடு பக்கத்துத் தெருவில் அருங்காட்சியகமாக இருக்கிறது, 2024ல் புதுப்பித்துத் திறந்தார்கள். நீர்ப்பாசன இலாகாவில் முப்பது வருஷம் குமாஸ்தா வேலை பார்த்துக்கொண்டே எழுதிய மனிதர். மாடி ஏறவேண்டும், அப்பாவை விட்டுவிடுங்கள். நபி தானியால் தெருவில் நடைபாதை முழுக்கப் பழைய புத்தகக் கடைகள்.

அம்மாவின் சாப்பாட்டுக்குக் கவலையே வேண்டாம். ஃபூல் என்ற மொச்சைக் கூழ், எள் விழுது, எலுமிச்சை, நல்லெண்ணெய்க்குப் பதில் ஆலிவ் எண்ணெய். மொச்சையில் செய்த ஃபலாஃபெல் சுடச்சுட. ரம்ல் நிலையத்துப் பக்கம் முகமது அகமது என்ற பழைய கடை இதற்கே பேர்போனது. சோறு, பருப்பு, பாஸ்தா கலந்த கொஷரி எல்லா இடத்திலும் உண்டு. மொலோகியா கீரை என்று ஆசையாக வாங்காதீர்கள், கறிச்சாற்றில்தான் பெரும்பாலும் சமைப்பார்கள். பருப்பு சூப்பிலும் கோழிச்சாறு இருக்கலாம். "சியாமி" என்று கேளுங்கள், எகிப்தின் காப்டிக் கிறித்தவர்களின் விரத உணவு, கறி, பால் எதுவும் சேராது. மீன் மட்டும் சில விரதங்களில் சேரும், அதனால் "மின் கேர் சமக்" என்று கூடவே சொல்லிவிடுங்கள், மீன் இல்லாமல் என்று கொடுப்பார்கள்.

நெய்தல் எழுதியது:

மீன் சாப்பிடுகிறவர்களுக்கு நான் சொல்கிறேன். தூத்துக்குடிக்காரன் சொன்னால் நம்புவீர்கள்.

கோட்டைக்குப் போகும் வழியில் அன்ஃபூஷி. அங்கே மரப்படகு கட்டும் பட்டறைகள் இன்னும் இருக்கின்றன. தெருவோரமே வீட்டு உயரத்துக்குப் படகின் எலும்புக்கூடு நிற்கும். வங்கு என்கிற விலாக்கட்டை வைத்துப் பலகை அடிக்கும் முறையைப் பார்த்துக்கொண்டு நின்றேன், எங்கள் ஊர் வள்ளம் கட்டும் இடத்தில் நிற்பது மாதிரியே இருந்தது. பேச்சு புரியவில்லை, ஆனால் பிளவில் பஞ்சு திணிக்கும் உளியை என் கையில் கொடுத்துப் பார்க்கச் சொன்னார் ஒரு பெரியவர்.

மீன்கடையில் ஐஸ்மேல் பரப்பியிருப்பதைக் கை காட்டி எடுத்து, எடை போட்டு, எப்படிச் செய்யவேண்டும் என்று சொல்லவேண்டும். "ரத்தா" என்றால் கோதுமைத் தவிட்டில் புரட்டி நெருப்பில் சுடுவது. வெளித்தோல் கரியாகிவிடும், உள்ளே சதை வெந்து ஈரமாகவே இருக்கும். உரித்துவிட்டுச் சாப்பிடவேண்டும். "சிங்காரி" என்றால் முதுகைப் பிளந்து விரித்து தக்காளி, மிளகாய், பூண்டு வைத்து அடுப்பில் வேகவைப்பது. கூடவே வெங்காயத்தைக் கறுக வதக்கிச் செய்த பழுப்புச் சோறு, சயாதியா. எடை போடும்போது கிலோ விலையையும் சமைக்கிற கூலியையும் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

கைத்பே கோட்டை 1477ல் மம்லூக் சுல்தான் கைத்பே கட்டத் தொடங்கியது. கலங்கரை விளக்கம் நின்ற அதே முனை. அந்தக் கலங்கரை விளக்கம் சுமார் 100 மீட்டர் உயரம், ஏறக்குறைய கிமு 280ல் முடித்தது, ஆயிரம் வருஷத்துக்கு மேல் நின்றிருக்கிறது. 1303 நிலநடுக்கத்தில் பெரிய அடி. மொராக்கோப் பயணி இப்னு பதூதா 1326ல் வந்தபோது ஒரு பக்கம் இடிந்திருந்தது, 1349ல் திரும்பி வந்தபோது உள்ளே நுழையவே முடியவில்லை என்கிறார். கோட்டைச் சுவரில் சிவப்புக் கருங்கல் துண்டுகள் அங்கங்கே செருகியிருக்கும், கையை வைத்துப் பாருங்கள். பழைய கலங்கரை விளக்கத்தின் கல் என்கிறார்கள். மீதி கடலடியில் கிடக்கிறது. 1994லிருந்து பிரெஞ்சு ஆய்வாளர்கள் முங்கி முங்கி ஒவ்வொன்றாகக் குறித்திருக்கிறார்கள்.

கோட்டையைச் சுற்றி கான்கிரீட் கட்டைகள் குவிந்து கிடப்பதைப் பார்த்து அசிங்கமாக இருக்கிறது என்று நினைக்கவேண்டாம். அஸ்திவாரத்தைக் கடல் அரித்துக்கொண்டிருக்கிறது. கடலோரம் வாழ்கிறவனுக்கு அது என்ன என்று தெரியும். அந்தக் கட்டைகள் இல்லையென்றால் கோட்டை எத்தனை நாள் தாங்கும்?

கல்லெழுத்து எழுதியது:

நெய்தல் சொன்ன அன்ஃபூஷிக்குப் போகும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். கலங்கரை விளக்கம் நின்ற ஃபாரோஸ் தனித் தீவாக இருந்தது. கரையிலிருந்து அதற்கு ஏழு ஸ்டேடியா நீளத்தில், ஒரு கிலோமீட்டருக்கும் சற்றே அதிகமாக, பாலம் போட்டார்கள். துறைமுகம் இரண்டானது. பாலத்தின் இரு பக்கமும் மணல் சேர்ந்து சேர்ந்து, அகன்று, தரையாகிவிட்டது. மன்ஷியாவிலிருந்து அன்ஃபூஷி வரை இன்று கடையும் வீடும் மசூதியும் நிற்கிற இடமெல்லாம் அந்தப் பாலத்தின் மேல் படிந்த மணல். ஒன்றுமே மிச்சமில்லை என்று சொன்ன உங்கள் ஏற்பாட்டாளர் அந்தப் பாலத்தின் மேலேயேதான் காரை ஓட்டிக்கொண்டு போவார்.

வெண்பூ எழுதியது:

அந்த வழியில்தான் அபுல் அப்பாஸ் அல் முர்சி மசூதி. ஸ்பெயினின் முர்சியாவில் பிறந்து இங்கே வந்து அடங்கிய பதின்மூன்றாம் நூற்றாண்டு சூஃபி. இப்போதுள்ள கட்டடம் இத்தாலியக் கட்டடக் கலைஞர் மரியோ ரோஸி வடிவமைத்தது. அம்மாவும் நீங்களும் தாராளமாகப் போகலாம். தலையில் துப்பட்டா, கை கால் மூடிய உடை, தொழுகை நேரம் தவிர. பெண்களுக்குத் தனி வாசல். உள்ளே தரையில் உட்கார்ந்திருந்த பாட்டிமார்கள் எனக்கு இடம் ஒதுக்கிப் பக்கத்தில் உட்காரச் சொன்னார்கள்.

பெண்ணாகத் தனியாக நடப்பவர்களுக்கு: பகலில் கடற்கரைச் சாலையில் குடும்பங்களாகத்தான் இருப்பார்கள், எனக்குப் பயமில்லை. பின்னால் வந்து பேச்சுக் கொடுப்பவர்களுக்குப் பதில் சொல்லாமல் நடப்பதே நல்லது. குதிரை வண்டிக்காரர்களிடம் ஏறுவதற்கு முன்பே விலை பேசிவிடுங்கள், ஒருவருக்கா எல்லோருக்குமா என்பதையும் சேர்த்து.

தாமிரபரணி எழுதியது:

இப்படி வைத்திருக்கிறேன். காலை ரயில், கோம் எல் ஷுகாஃபா, தூணும் சுரங்கமும், கிரேக்க ரோம அருங்காட்சியகம், ஃபூல் கடை, நூலகத்து நாய், அன்ஃபூஷி, கோட்டை, இரவு ரயில். ரொம்ப அதிகமா? நவம்பரில் மழை உண்டா? டிராமில் போக அப்பாவுக்கு ஆசை.

போர்ட்சயீத்வாசி எழுதியது:

அதிகம்தான். நவம்பரில் ஐந்து மணிக்கே இருட்டிவிடும், தொல்லியல் இடங்களை அதற்கு முன்பே அடைத்துவிடுவார்கள். அருங்காட்சியகம், நூலகம் இரண்டில் ஒன்றை எடுங்கள். அப்பாவைப் பார்த்தால் நூலகம், கல்லெழுத்து ஐயாவைக் கேட்டால் அருங்காட்சியகம். என்னைக் கேட்டால் அருங்காட்சியகம்தான், நாய்க்காக இன்னொரு முறை வாருங்கள். கோம் எல் ஷுகாஃபாவை மட்டும் எதற்காகவும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

மழை உண்டு. இங்கே குளிர்காலப் புயல்களுக்குப் பெயர் வைத்து நாள் குறித்திருக்கிறார்கள், "நவ்வா" என்பார்கள். மக்னசா நவ்வா நவம்பர் நடுவில்தான் வரும், உங்கள் தேதியை ஒட்டி. அன்றைக்கு அலை கடற்கரைச் சாலைக்கே ஏறி அடிக்கும், பள்ளமான தெருக்களில் தண்ணீர் நிற்கும். முதல் நாள் வானிலை பார்த்துவிட்டு ரயில் டிக்கெட் எடுங்கள். கெய்ரோவின் மற்ற நாள்களில் ஒன்றோடு மாற்றிக்கொள்ள வழி வைத்துக்கொள்ளுங்கள்.

டிராம் 1863லிருந்து ஓடும் ஊர், ஆப்பிரிக்காவிலேயே பழசு. ரம்ல் பாதையில் பெரிய மறுசீரமைப்பு வேலை நடப்பதால் எந்தப் பகுதி ஓடுகிறது என்று போன அன்று நிலையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். இல்லையென்றால் கடற்கரைச் சாலையில் மைக்ரோபஸ். அலெக்ஸாண்டிரியாக்காரர்கள் அதை "மஷ்ரூ" என்பார்கள். கையைக் காட்டினால் நிற்கும், காசை முன்னால் இருப்பவரிடம் கொடுத்தால் கைமாறிக் கைமாறி ஓட்டுநருக்குப் போய் மீதியும் அதே வழியில் திரும்பி வரும். ஆனால் ஏறும் படி உயரம், அப்பாவுக்கு டாக்ஸியே சரி.

கோட்டையிலிருந்து திரும்பும்போது ரயிலுக்கு ஒன்றரை மணி நேரம் முன்னதாகக் கிளம்புங்கள். மாலையில் கடற்கரைச் சாலை நகராது. அப்புறம், திரும்பும் டிக்கெட்டில் சிதி காபர் என்று போட்டிருக்கிறதா, மஸ்ர் நிலையம் என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலான ரயில்கள் மஸ்ர் நிலையத்தில் புறப்படும், ஆனால் இருக்கை எங்கிருந்து பதிவாகியிருக்கிறதோ அங்கே ஏறினால்தான் சண்டை இருக்காது.